பூண்டு நுழையாத வீடு

எக்ஸ்ரே அறைக்காரருக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் 'சந்தேகம் சார்' என்றுதான் பெயர். படிகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, உள்ளே எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்துத் தருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே சுழல் நாற்காலி. குப்பியில் ஒட்டிய சீட்டைப் படிக்கவே மாட்டார்.

"சீட்டு எழுதினவனும் மனுசன்தானே? பொய் சொல்லுவான்."

காய்ந்த படிகம் நொறுங்கிவிடும். அதனால் திரவம் மிச்சமிருக்கிறதா என்று ஒவ்வொரு குப்பியையும் திறந்து முகர்ந்த பிறகே வேலையை ஆரம்பிப்பார்.

நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது டெலூரியம் என்ற தனிமத்தில். கரிமத் துண்டு ஒட்டிய டெலூரிய அணுக்களை ஆக்சிஜனால் கோத்துப் பெரிய கொத்தாக்க வேண்டும். ஆறு அணுக் கொத்து சுலபமாக வந்தது. பன்னிரண்டுக்கு ஒன்றரை வருடம் ஆனது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். பன்னிரண்டை விட்டுக்கொடுப்பேனா?

"தம்பி, இதுல ஒரு ஆக்சிஜன் எனக்குச் சரியாப் படல. வேற படிகம் கொண்டா" என்றார் சந்தேகம் சார், படத்தைப் பார்த்துவிட்டு.

ஒன்பது முறை கொண்டுபோனேன். ஒன்பது முறையும் முகர்ந்தார், ஒன்பது முறையும் உதட்டைப் பிதுக்கினார். கிராமத்துப் பையன் என்பதால் இழுத்தடிக்கிறார் என்று எனக்குள் சந்தேகம். விடுதியில் அறைத்தோழன் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டதற்கும், சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்ததற்கும் அதே காரணத்தைத்தான் வைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, கதவைச் சாத்திவிட்டு என்னைப் பிடித்தார்.

"உன் குப்பில என்னடா கலந்திருக்க? உண்மையைச் சொல்லு."

"ஏன் சார்?"

"பொண்டாட்டி பெட்டி கட்டிட்டா. ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போறாளாம்."

அந்த அம்மாவுக்குப் பூண்டு வாடை பட்டாலே குமட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அடுப்படிக்குள் பூண்டு நுழைந்ததில்லை. இரண்டு மாதமாக இவர் வாயைத் திறந்தாலே பூண்டு வீசுகிறதாம். 'எவ வீட்டுல சாப்பிட்டுட்டு வர்றீங்க?' என்று கேட்டிருக்கிறார்.

டெலூரியம் துளி உடம்புக்குள் போனாலும் மூச்சில் வாரக்கணக்கில் பூண்டு நாறும். பாதுகாப்பு அறிக்கையில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட வரி அது. குப்பியை முகர்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் யோசிக்கவில்லை.

"நானே வந்து சொல்றேன் சார்."

"நீ சொன்னா நம்பிடுவாளா? இத்தனை வருசம் என்கூட இருந்து சந்தேகத்துல என்னையே மிஞ்சிட்டா."

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். கதவுக்குப் பக்கத்தில் பெட்டி நின்றிருந்தது. "வணக்கம்க்கா, சாரோட வேலை செய்றேன்" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

"நீயும் அதே வீட்டுலதான் சாப்பிடுறியா தம்பி?"

சந்தேகம் சார் சட்டென்று திரும்பி என் வாயருகே முகர்ந்து பார்த்தார். தொழில் பழக்கம்.

டெலூரியம், ஆக்சிஜன், மூச்சு என்று எல்லாவற்றையும் விளக்கினேன்.

"கதை நல்லாத்தான் இருக்கு. வர்ற வழியில பேசி வெச்சீங்களா?" என்ற அந்த அம்மா, மூக்கிலிருந்து கையை எடுக்காமலே என்னிடம் கேட்டார். "உன்கூடத் தங்கியிருக்கறவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலைக்கா. கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கிட்டாங்க. பட்டிக்காட்டான்னு ஒதுக்கறாங்கன்னு நெனச்சேன்."

அந்த அம்மா மூக்கிலிருந்து கையை எடுத்தார். சிரிக்கவில்லை.

"அதை மட்டும் நம்புறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா போகவில்லை. பெட்டியையும் பிரிக்கவில்லை. நிபந்தனை போட்டார்: சார் இனிக் குப்பியை முகரக் கூடாது. தினமும் சாயங்காலம் வாசலிலேயே நின்று ஊதிக் காட்ட வேண்டும். வாடை போனால்தான் பெட்டி உள்ளே போகும்.

பத்தாவது படிகத்தைச் சார் முகராமலே கருவியில் ஏற்றினார். பன்னிரண்டு டெலூரியமும் ஒரே கொத்தாக உட்கார்ந்திருந்தன. படத்தை மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் பெட்டி பிரிந்தது. ஆனாலும் வாசலில் ஊதச் சொல்வது நிற்கவில்லையாம்.

"வாடை போய் பத்து நாளாச்சு தம்பி, எனக்கு நல்லாத் தெரியும்" என்கிறார் என்னிடம், கதவைச் சாத்திவிட்டு. "இவ எதுக்கு இன்னும் பக்கத்துல வந்து மோந்து பாக்குறான்னுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."