உசனாரின் பாலாணம்

உசனார் என் தங்கை மஹ்மூதாவின் புருஷன். கடலில் அவன் நல்ல சமையல்காரன். கரைக்கு வந்தால் அடுப்புப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டான்.

இளவயதில் பல நாள் தங்கித் தொழில் செய்கிற படகுகளில் போனவன். படகில் ஆக்குகிற கறிக்கு ஒரே சட்டம்தான். மீனை வெட்டிப் போடு, கொறுக்காப் புளியைப் போடு, மிளகாய்த் தூளை அள்ளிக் கொட்டு, நெருப்பை ஏற்று, கொதிக்கக் கொதிக்க இறக்கு. ஆடுகிற படகில் நின்று நிதானமாக ஆக்க முடியாது. தின்கிறவனுக்கும் நிதானம் இல்லை. கண்ணில் நீர் வந்தால்தான் அது கறி.

இப்போது எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையிலேயே சொந்தமாக ஒரு சின்னப் போட் வைத்திருக்கிறான். விடியப் போய், வெயில் ஏறமுன் கரைக்கு வந்துவிடுவான். ஆள் கறுவல். பேச்சுக் குறைவு. பேசினாலும் ஏசுகிற மாதிரித்தான் இருக்கும். நானும் அப்படித்தானாம், அதனால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறதாம். தங்கை சொல்வாள்.

அவர்கள் வீட்டுக்கு அடுத்த வளவில்தான் என் கருவாட்டு வாடி, மீன் காயவைக்கிற கொட்டில். என் மனுசி மௌத்தாகி நான் தனியான பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் எனக்குத் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை. பெரிய சஹனில் சோறு கொட்டி, நடுவில் ஆணத்தை, மீன் குழம்பை, ஊற்றி, எல்லாரும் சுற்றி இருந்து ஒரே தட்டில் தின்போம். உசனார், மஹ்மூதா, மகன் ஆகிப், மகள் றிஷ்னா, நான். ஒரு சஹனில் இருந்துவிட்டால் என் சோறு, உன் சோறு என்று கோடு போட ஏலாது. பக்கத்து ஆளின் ஆணம் நம் பக்கம் ஓடி வரும். நம் பக்கத்து மீன் நழுவி எதிரே போகும். மஹ்மூதாவின் வேலையே அந்த மீனைத் தள்ளுவதுதான். நல்ல துண்டு அவள் பக்கம் விழுந்தால், ஒற்றை விரலால் ஆகிப் பக்கமோ என் பக்கமோ தள்ளிவிடுவாள். தின்கிறவன் நிமிர்ந்து பார்த்தால் அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வருசம் அவளுக்கு வயிற்றில் புண் வந்தது. டொக்டர் மிளகாயையும் புளியையும் அடியோடு விடச் சொன்னார். குறிஞ்சிப்பிட்டி மிளகாயை மூட்டையாக வாங்கிக் காயவைத்து இடிக்கிற வீடு அது. அந்த வீட்டுக்காரிக்கே மிளகாய் ஹறாம் ஆனது போல ஆகிவிட்டது.

அவள் என்ன செய்தாள் என்றால், எங்களுக்கு வழக்கம் போல உறைப்பாய் ஆக்கினாள். தனக்கு ஒரு மூலையில் கஞ்சி காய்ச்சினாள். சஹனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். “நீங்க தின்னுங்க, நான் பொறகு திங்கிற” என்று குசினியிலிருந்தே சொல்வாள். நாங்களும் தின்றுவிட்டு எழும்பிப் போனோம்.

மாதம் போகப் போக அவள் மெலிந்தாள். காதுக் கம்மல் கனம் என்று கழற்றி வைத்தாள். கிளினிக்கில், புண் ஆறி வருகிறது, ஆனால் சாப்பாடு போதாது, இப்படியே மெலிந்தால் வேறு வருத்தம் பிடிக்கும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். சாப்பிடுகிறாளே என்றுதான் உசனார் நினைத்தான். அவனுக்கு விசயத்தைக் காட்டிக் கொடுத்தது கோழிகள்.

ஒரு நாள் வேலியடியில் நின்று என்னைக் கூப்பிட்டான்.

“மச்சான், எங்கட கோழியப் பாரு.”

“என்னா, நோய் விழுந்திட்டா?”

“கொழுத்துப் போச்சு. நடக்க ஏலாமக் கிடக்குது. நான் ஒண்டும் போடல்ல. உன்ட தங்கச்சிட கஞ்சி முழுக்க இதுகள்ட வயித்துக்குள்ள.”

பிறகு சொன்னான், “தனிய இருந்து கஞ்சி குடிக்க ஆருக்கு மனம் வரும்?” அவனுக்கு அதுவே பெரிய கதை.

அடுத்த வெள்ளி காலையில் அவன் குசினிக்குள் போய் அவளைப் பலகையிலிருந்து எழுப்பினான்.

“நீ போய்க் கதிரையில இரி. இண்டைக்கு நான் ஆக்கிற. மிளகா இல்லாத ஆணம். எல்லாருக்கும் அதுதான்.”

“உங்களுக்கு என்னா பிடிச்சிரிக்கி? ஊர் சிரிக்கும்.”

“ஊருக்கு நான் சோறு போடல்ல.”

நல்ல விளைமீன். தேங்காய் துருவிப் பால் பிழிந்தான். அதுவரை எல்லாம் சரி. ஆனால் கை படகில் பழகிய கை அல்லவா. பால் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றி, அடுப்பில் விறகை அடுக்கி, கொதிக்கக் கொதிக்க விட்டான். பால் திரிந்து கட்டி வேறு, எண்ணெய் வேறு, தண்ணீர் வேறு என்று ஆகிவிட்டது. றிஷ்னா மூடியைத் திறந்து பார்த்தாள்.

“வாப்பா, இதுல போட் ஓட்டலாம்.”

“கதைக்காமச் சஹன எடு.”

உட்கார்ந்தோம். நான் ஒரு பிடி வாயில் வைத்தேன். சுடுதண்ணீரில் கழுவிய மீன் மாதிரி இருந்தது. ஆகிப் எழும்பிப் போய்க் கடையில் வாங்கிய, மிளகாயில் இடித்த கட்டச் சம்பல் போத்தலைக் கொண்டுவந்து தன் பக்கம் ஒரு கரண்டி வைத்தான். சிவப்பு எண்ணெய் சோற்றுக்குள்ளால் ஊர்ந்து நடுவுக்கு வந்தது.

“எடு அத” என்றான் உசனார்.

“எனக்கு மட்டுந்தானே வாப்பா.”

“சஹன்ல எனக்கு மட்டும் எண்டு ஒண்டு இல்ல. உம்மா வந்து இருந்தா அவட கைக்கும் இதுதானே வரும்.”

மஹ்மூதா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவன ஏசாதீங்க. என்னால நீங்க எல்லாரும் நோயாளிச் சோறு திங்க வேணாம். நான் அந்தச் சஹனுக்கு வாறதில்ல.”

போய்விட்டாள். உசனார் அந்தத் திரிந்த ஆணத்தை மிச்சம் வைக்காமல் தின்றான். எங்களையும் தின்னவைத்தான்.

மனிதன் அதோடு விட்டிருந்தால் அவன் உசனார் இல்லை. அன்று பின்னேரமே கதிரையை இழுத்துப் போட்டு அவள் முன் உட்கார்ந்தான்.

“சரி, சொல்லு. பால் ஏன் திரிஞ்ச?”

“உங்களுக்கு எதுக்கு அது?”

“சொல்லு.”

அவள் சொன்னாள். எரிச்சலோடுதான். தண்ணீர்ப் பாலில் மீனை அவியவிட வேண்டும். சின்ன வெங்காயம், உள்ளி, ஒரு சிட்டிகை வெந்தயம், மஞ்சள், ரம்பை இலை, கறிவேப்பிலை. மிளகாய் வாசத்துக்குக்கூட இல்லை. கட்டிப் பால் கடைசியில். அதை ஊற்றிய பிறகு நெருப்பை இழுத்துவிட்டு, அகப்பையை எடுக்காமல் மெல்லத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கொதி வரமுன் இறக்கிவிட வேண்டும்.

“கொதிக்கப் போடாம ஒரு கறியா?”

“அதுதான் உங்களுக்கு ஏலாதே. நீங்க எல்லாத்தையும் கொதிக்கவச்சிப் பழகின ஆள்.”

நான் வேலிக்கு இந்தப் பக்கம் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

“நீ உன்ட வேலையப் பாரு மச்சான்” என்று அங்கிருந்தே கத்தினான்.

அந்தக் கிழமை முழுக்க, கடலால் வந்ததும் குசினிதான். ஒரு நாள் பருப்பு, ஒரு நாள் பூசணிக்காய், ஒரு நாள் கிழங்கு. எல்லாம் வெள்ளைதான். அவள் வாசலில் நின்று, “நெருப்புக் கூடிப் போச்சு”, “உப்பு இப்ப வேணாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஆனால் தன் பங்கைச் சின்னச் சட்டியில் எடுத்து வைத்துத் தனியாகத்தான் தின்றாள். எவ்வளவு தின்றாள் என்று யாருக்கும் தெரியாது. உசனார் தினம் கோழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளி வந்தது. மறுபடியும் விளைமீன். நான் ஜும்ஆவுக்குப் போகும்போது அவர்கள் வாசலால் போனேன். வெந்தயமும் ரம்பையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து ஒரு வாசம். உள்ளே உசனார் வியர்த்து வழிந்து, அகப்பையைச் சுக்கான் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். ஆணம் மஞ்சள் கலந்த வெள்ளையில், தடிப்பாய், ஒரு சொட்டு எண்ணெய் பிரியாமல் இருந்தது. பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம். முதல் பிடியில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டாம் பிடியில் மீனின் ருசி தெரிந்தது. இவ்வளவு காலமும் நான் மிளகாயைத்தான் தின்றிருக்கிறேன். ஆகிப் போத்தலைத் தேடவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆணக் கோப்பை காலி, சோறு மிச்சம்.

ஆகிப் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான். பெரிய சட்டியை வழித்துப் பார்த்திருக்கிறான், ஒன்றும் இல்லை. சின்னச் சட்டியின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கூடவே மஹ்மூதாவின் சத்தமும்.

“வைடா அத. அது எண்ட.”

சஹனைச் சுற்றி எல்லாருடைய கையும் நின்றது. இத்தனை மாதத்தில் அவள் ஒரு சாப்பாட்டைத் தன்னுடையது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“ஒரு கரண்டி உம்மா.”

“ஒரு கரண்டியும் இல்ல.”

உசனார் இங்கிருந்து கத்தினான். “குடுத்தா என்னா? இஞ்ச சோறு சும்மா கிடக்குது.”

“நீங்க எல்லாத்தையும் திண்டு முடிச்சா நான் என்னத்தத் திங்கிற?”

அவள் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மகனுக்கு முன்னால் கோபமாக நடந்து வந்தாள். “உங்கட கையில தந்தா சட்டியையும் நக்கிருவீங்க. நானே ஊத்திற.”

யாரும் வா என்று சொல்லவில்லை. உசனார் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்து, எங்கள் பக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மிச்சத்தைத் தன் பக்கம் கவிழ்த்தாள். பிசைந்தாள். ஒரு பிடி, இன்னொரு பிடி. நாங்கள் அவளைப் பார்க்காமல் இருக்கப் பெரிய பாடுபட்டோம்.

“உப்பு ஒரு கல்லுக் குறைவு” என்றாள்.

“அடுத்த வெள்ளி போடுற” என்றான் உசனார்.

அப்போது அவள் பக்கம் கிடந்த ஒரு நல்ல துண்டு நகர்ந்து ஆகிப் பக்கம் வந்தது. இன்னொன்று என் பக்கம் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். உசனார் தன் கையில் இருந்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தத் துண்டில் முள்ளே இல்லை.

குசினி வாசலில் கோழிகள் வந்து நின்றன. வெகு நேரம் நின்று பார்த்துவிட்டு, வேலியடிக்குப் போய் மண்ணைக் கிளறத் தொடங்கின.