குழிக் கரண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கெட ஆரம்பித்தது மாலை நாலு இருபதுக்கு. நேரம் இவ்வளவு சரியாக ஞாபகம் இருப்பதற்கு மாமாவின் கைக்கடிகாரம்தான் காரணம். "நாலு இருபது ஆச்சு. உங்கப்பா ஷிப்ட் முடிஞ்சு வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள கை பழகிக்கோ பாப்பா" என்று சொல்லிக் கோல்ஃப் மட்டையை என்னிடம் நீட்டினார். எனக்குப் பத்து வயது. தம்பிக்கு ஆறு.

படிப்பவர்கள் பதற வேண்டாம். பதறுகிற வேலையை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். தம்பி இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறான். வலது காதுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு முடி முளைக்காத தழும்பு, அவ்வளவுதான். போன மாதம் பெங்களூரிலிருந்து வந்தவன், என் மகனுக்கு ஒரு புது கோல்ஃப் மட்டை வாங்கி வந்தான். உலகத்தில் எத்தனையோ சாமான் இருக்க, இதை, அதுவும் இவன் கையால். அன்று மாலை மகன் போனில் எதையோ பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தான். "இப்ப வர்ற மட்டையெல்லாம் ஆட்டத்தை ரொம்ப ஈஸி ஆக்கிடுச்சுன்னு சண்டை போட்டுக்கிறாங்கம்மா. நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டான். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு முன்பே பேசியாகிவிட்டது. மட்டை இப்போது காஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கிறது. மகன் தேடிக்கொண்டிருக்கிறான்.

அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். மத்திகிரியில் ஒரே வரிசையாக ஏழு வீடு, ஏழுக்கும் பொதுவாகப் பின்பக்கம் ஒரு குழாய். அதில் நாலாவது வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே ஃபேக்டரி. செய்ய வேண்டிய பொருளை முதலில் மெழுகில் செய்து, அதன்மேல் மண்பூச்சுப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மாமா ஆரம்பத்தில், மெழுகுப் பிரிவில். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா கடைசியில், இன்ஸ்பெக்‌ஷனில். குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். வீட்டில் அதை இலவசமாகச் செய்தார்.

பம்ப் பாகம், வால்வு என்று செய்துகொண்டிருந்த ஃபேக்டரிக்கு வெளிநாட்டிலிருந்து கோல்ஃப் மட்டைத் தலைக்கு ஆர்டர் வந்தது. அங்கே ஒருவரும் அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சின்னக் காம்பும் சாய்ந்த முகமுமாக அது பார்ப்பதற்குக் குழம்புக் கரண்டி மாதிரி இருந்ததால், கரண்டி என்றே பேர் வைத்துவிட்டார்கள். முதலில் வந்தது ஒல்லிக் கரண்டி. முழு இரும்பு, கத்தி மாதிரி மெலிந்த தலை. பிறகு அதே ஆட்கள் புது மாடல் கேட்டார்கள். முதுகில் குழி விழுந்து, ஓரமெல்லாம் தடித்திருக்கும். அது குழிக் கரண்டி. கனத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால், பந்து நடுவில் படாமல் தப்பிப் பட்டாலும் நேராகவும் தூரமாகவும் போகும் என்று ஆர்டர் கொடுக்க வந்த இன்ஜினியர் விளக்கினாராம்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தினமும் இதுதான்.

"தப்பா அடிச்சாலும் சரியாப் போகும்னா, சரியா அடிக்கிறவனுக்கு என்ன மரியாதை மாப்ள?"

"கஷ்டப்படுறதுதான் ஆட்டம்னா, நாம தினம் எட்டு மணி நேரம் ஆடிட்டுத்தானே வர்றோம் மச்சான். அவனாவது சுகமா ஆடட்டும்."

"ஒல்லிக் கரண்டியில தப்பா அடிச்சா கை எரியும். தப்புன்னு அதுவே சொல்லிடும். குழிக் கரண்டி வாயத் தொறக்காது."

"மச்சானுக்குப் பேசுற கரண்டிதான் வேணுமாங்க்கா" என்று மாமா அம்மாவிடம் முறையிடுவார். அப்படியானால் ஆளுக்கொரு கரண்டியை எடுத்து நீங்களே பரிமாறிக்கொள்ளுங்கள் என்று அம்மா எழுந்து போய்விடுவாள்.

எங்கள் வீட்டில் ஒரு ஒல்லிக் கரண்டி இருந்தது. அப்பா குறை கண்டு கழித்துப்போட்டதுதான். மாமா அதைச் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு வெளியே கொண்டுவந்து, ஒரு குழாயில் பொருத்தி, பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். கழித்த தலைகள் எல்லாம் எண்ணிக்கை குறையாமல் உலைக்குத் திரும்ப வேண்டும் என்பது ஃபேக்டரி சட்டம். வாங்குகிறவர்களின் முத்திரை அதில் இருந்ததால், ஒன்று கேட்டைத் தாண்டினாலும் எடுத்தவனுக்கு வேலை போய்விடும். அதனால் மட்டை தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வாசம் செய்தது. ஒரு மயிரிழை வெடிப்பைக்கூடத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிற அப்பா, மூன்றடி நீளத்தில் இருந்த அதை மட்டும் மாதக்கணக்காகப் பார்க்கவே இல்லை. நாங்கள் அப்படித்தான் நம்பினோம்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரி அந்த வருடம் வறண்டு கிடந்தது. பெங்களூர்ச் சந்தையில் மாமா வாங்கிவந்த இரண்டு பழைய பந்துகளை வைத்து அங்கேதான் பழகினேன். ஒல்லிக் கரண்டி அப்பா சொன்னதுபோலவே பேசியது; முழங்கைவரைக்கும் பேசியது. பந்து தரையோடு தரையாக எலி மாதிரி ஓடும். ஏரிக்குள் இருந்த பம்ப்செட் மோட்டார் ரூமை அது ஒருநாளும் தாண்டியதில்லை. பந்து பொறுக்குகிற தம்பி, அந்த மோட்டார் ரூமுக்கு அப்பால் ஒரு பாறைக்குப் பக்கத்தில் நிற்பான். அதுதான் அவன் இடம். அங்கே நின்றால் ஆபத்தில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு, மாமா ஒரு தந்திரம் செய்திருந்தார். தலையை மாற்றிவிட்டார். குழாய் அதே, டியூப் அதே. தலை மட்டும் குழிக் கரண்டி. குழி தெரியாதபடி ஃபேக்டரி மெழுகை அடைத்து வழித்து, அடுப்புக்கரியைத் தடவியிருந்தார். அப்பா வரும்போது நான் ஒல்லிக் கரண்டியால் அடிப்பதுபோல் அடித்துக்காட்ட வேண்டும். பிள்ளைக்கு நன்றாக வந்துவிட்டதே என்று அப்பா மெச்சுவார். உடனே மாமா மெழுகைச் சுரண்டிக் காட்டுவார். இதுதான் திட்டம். இதை என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று பயம்.

நான் வழக்கம்போல் அடித்தேன். கை எரியவில்லை. அதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. பந்தைக் கீழே தேடினேன். அது மேலே இருந்தது. மோட்டார் ரூமைத் தாண்டியது. "மச்சான் தோத்தாரு" என்று மாமா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். பாறைக்குப் பக்கத்தில் தம்பி கீழே உட்கார்ந்தான். அவன் விழவில்லை. வகுப்பில் வாத்தியார் சொன்னதும் உட்காருவது போல உட்கார்ந்தான்.

நாங்கள் ஓடிப்போனபோது ரத்தம்கூட இல்லை. காதுக்கு மேல் எலுமிச்சை அளவு வீங்கியிருந்தது. "அக்கா, தூரமா அடிச்சுட்ட" என்றான். அவன் குரலில் பெருமைதான் இருந்தது.

மாமா அவனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஓடும்போதே என்னைப் பார்த்து, "அதை எங்கயாவது போட்டுட்டு வா" என்றார். நான் மட்டையை முள்ளடர்ந்த உண்ணிப் புதருக்குள் வீசினேன். ரோட்டில் ரோஜாப் பெட்டிகள் ஏற்றிய ஒரு டெம்போ வந்தது. ஓட்டியவர் எங்கள் கோலத்தைப் பார்த்து நிறுத்தி, "ஏனாய்த்து? என்னாச்சு?" என்றார். மாமாவுக்குக் கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அந்த மனிதர் மேற்கொண்டு கேட்காமல் பின்பக்கம் போய், நாலு பெட்டிகளை இறக்கி ரோட்டோரம் வைத்து, தம்பியைப் படுக்கவைக்க இடம் செய்தார். நான் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பூவு கெடக்கட்டும்மா. நீ ஏறி பையன் தலையப் பிடி" என்றார். அவர் பேர்கூடத் தெரியாது. இன்றைக்கும் எல்லைச் செக்போஸ்ட் பக்கம் ரோஜா ஏற்றிய வண்டி வந்தால், நான் ஸ்கூட்டியை ஓரங்கட்டி வழிவிடுகிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு அது அசிங்கமாக இருக்கிறதாம்.

ஓசூரில் அவர் எங்களை இறக்கியது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். அங்கே இருந்த டாக்டரைக் கண்டதும் மாமாவின் முகம் செத்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஃபேக்டரிக்கு வந்து ஊழியர்களைப் பார்ப்பவர் அவர்தான். "என்னப்பா, மெழுகுப் பிரிவுதானே நீ? பையனுக்கு என்ன?" என்று கேட்டார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஓடி விளையாடும்போது பாறையில விழுந்துட்டான் சார்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். மட்டை என்று சொன்னால் மாமாவுக்கு வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட. தம்பியும் நன்றாகத்தானே இருந்தான். பிஸ்கட் கேட்டான். வாந்தி எடுக்கவில்லை. டாக்டர் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, விழுந்து எழுகிற வயசுதான், அரை மணி நேரம் படுத்திருக்கட்டும், அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். நாங்கள் சொன்னதற்கு அவர் செய்தது சரிதான். தம்பி பிஸ்கட்டைப் பாதி தின்று, மீதியைக் கையில் வைத்தபடியே கண்ணை மூடினான். தூங்குகிறான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதன்பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அன்று மாலையே பெங்களூரில் ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தூங்கவைத்திருந்தால் பையன் காலையில் எழுந்திருக்க மாட்டான் என்று அங்கே சொன்னார்கள். பதினைந்து நாள் கழித்து அவன் மொட்டைத் தலையோடு வந்து, தெருவில் எல்லோருக்கும் தையலைக் காட்டிக்கொண்டிருந்தான். அப்பாவை இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து எடுத்து உலைப் பக்கம் போட்டார்கள். பதினோரு வருடம் ஒரு தப்பும் செய்யாதவர் என்பதால் வேலையை விட்டு அனுப்பவில்லையாம். மூன்று கோடை அந்த அனலில் நின்றார். மாமா ரிட்டயர் ஆகும்வரை அதே ஃபேக்டரியில், அதே மெழுகில் இருந்தார். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதை அவர் ஏன் நிறுத்திவிட்டார் என்று நான் வெகுநாள் யோசித்தேன்.

அப்பா அன்று ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். பையன் விழுந்துவிட்டானாம், ரோஜா டெம்போவில் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். அப்பா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய் டிரம்முக்குப் பின்னால் பார்த்திருக்கிறார். அது காலியாக இருந்திருக்கிறது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போயிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குள் அவர் வந்தபோது அந்த மட்டை அவர் கையில் இருந்தது. கை முழுக்க முள் கீறல். தலையில் அடைத்திருந்த மெழுகை நகத்தால் பாதி தோண்டியிருந்தார், குழி தெரிந்தது. என்னையும் மாமாவையும் அவர் பார்க்கவே இல்லை. மட்டையைக் கொண்டுபோய் டாக்டர் மேஜைமேல் வைத்தார்.

"பையன் விழல டாக்டர். இதுல அடிச்ச பந்து மண்டையில பட்டிருக்கு."

"யார் அடிச்சது? இந்தச் சின்னப் பொண்ணா?"

"யார் அடிச்சாலும் வேகமாப் போறதுக்குன்னே செஞ்சது இது. சின்னப் பொண்ணுன்னு பாக்காதீங்க. ஒவ்வொண்ணும் என் கையிலதான் போகுது, எனக்குத் தெரியும்."

டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. தம்பியின் இமையைப் பிரித்து டார்ச் அடித்தார். இரண்டாவது கண்ணையும் பார்த்தார். பெங்களூருக்கு வண்டி சொல்லுங்கள் என்று உள்ளே குரல் கொடுத்தார். வாசலில் அந்த டெம்போக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நேரம் மாமாவை நான் கட்டிக் காத்ததை, அப்பா ஒரே நிமிஷத்தில் உடைத்துவிட்டாரே. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஜெயிக்க முடியாததை ஆஸ்பத்திரியில் வந்து ஜெயிக்கிறாரே என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி ஆட்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நகரும்போது, டாக்டர் மட்டையின் தலையைத் திருப்பிப் பார்த்தார். முத்திரை அவர் கண்ணில் பட்டது. "இது நம்ம கம்பெனி சரக்குல்ல? யாரு வெளிய கொண்டாந்தது?" என்றார்.

மாமா எழுந்தார். அப்பா அவர் தோளில் கைவைத்து அழுத்தி உட்காரவைத்தார்.

"நான்தான் எடுத்தேன், டாக்டர்" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் இன்னும் கூடிப்போயிற்று. மாமா அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்ததை, அப்பா தான் கொண்டுவந்ததாகச் சொல்லிப் பேர் வாங்கிக்கொள்கிறாரே என்று.