கப்பல்காரர் பார்க்காத ஊர்கள்

ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் என் கணவர் எத்திராஜின் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, புன்னகையோடு நிமிர்ந்து பார்த்தார். "எங்கள் நாட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறீர்கள். மனைவிக்கு எந்த ஊரைக் காட்டப் போகிறீர்கள்?"

எத்திராஜ் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், "தெரியாது சார். ஊருக்குள்ள இதுதான் முதல் தடவை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அது உண்மை. இருபது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் ஃபிட்டராக இருந்தவர் அவர். ராட்டர்டாம், ஆண்ட்வெர்ப், ஹாம்பர்க் என்று திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவே வாய் பிளக்கும்படி ஊர்ப் பெயர்கள் சொல்வார். ஆனால் கண்டெய்னர் கப்பல் துறைமுகத்தில் நிற்பது ஒரு பகல், ஒரு இரவு. அதற்குள் இன்ஜின் வேலை இருக்கும். வெளியே போனாலும் மாலுமிகள் கிளப்பின் வேனில் ஏறி, ஏதாவது ஒரு கடையில் சோப்பும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு, கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். சென்ற வருஷம் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், முதல் தடவையாகச் சில மாதங்கள் தொடர்ந்து வீட்டில் இருந்தார். மாடியில் நின்று கடலில் நங்கூரம் போட்ட கப்பல்களைப் பார்ப்பார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. கோடை விடுமுறை வந்ததும் நான்தான் சொன்னேன்: "நீ போன ஊரையெல்லாம் எனக்கும் காட்டுய்யா." அப்போதுதான் அவர் எதையும் பார்த்ததில்லை என்று எனக்கே தெரிந்தது.

பெரிய நகரங்கள் வேண்டாம், துறைமுகங்களுக்குப் பக்கத்துச் சிற்றூர்கள் போதும் என்று முடிவு செய்தோம்.

டெல்ஃப்ட்

விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். அங்கிருந்து டெல்ஃப்ட் ஐம்பது கிலோமீட்டர் அளவில். முக்கால் மணி நேரப் பயணம். டிக்கெட் தலைக்குப் பன்னிரண்டு யூரோவுக்குக் கொஞ்சம் மேல், நம் காசில் ஆயிரத்து இருநூறைத் தாண்டும். ராட்டர்டாம் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு ஊர் இருக்குமென்று யாரும் நினைக்க மாட்டார்கள். தெருவுக்குத் தெரு கால்வாய். தண்ணீரில் அல்லி இலைகள். கைப்பிடிச் சுவரில்லாத சிறு பாலங்களில் பெண்கள் குழந்தையை முன்னால் உட்கார வைத்து சைக்கிளில் ஏறி இறங்குகிறார்கள். பழைய தேவாலயத்தின் கோபுரம் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருக்கிறது; அதன் அடியில் மக்கள் பயப்படாமல் குடியிருக்கிறார்கள்.

நாங்கள் போனது வியாழக்கிழமை, சந்தை நாள். வண்டிச்சக்கரம் போன்ற பாலாடைக்கட்டிகள், பூக்கள், பழைய நீலப் பீங்கான்கள். மீன் கடையில் ஒருவர் பச்சை மீனின் வாலைப் பிடித்துத் தூக்கி வெங்காயத்தோடு வாயில் இறக்கினார். "கலா, அங்க பாரு, வேக வெக்காம துன்றான்" என்று எத்திராஜ் என் தோளைத் தட்டினார். நாங்கள் மாவில் தோய்த்துப் பொரித்த மீனை வாங்கிக்கொண்டோம். நல்ல மீன். காரம்தான் இல்லை.

சதுக்கத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். பாதிக் கோப்பைகூடக் காலியாகவில்லை, எத்திராஜ் எழுந்துவிட்டார்.

"வா, டைம் ஆவுது."

"எதுக்கு டைம் ஆவுது?"

உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி எழுந்தார். அன்று பகல் முழுக்க இப்படித்தான். கால்வாய் ஓரப் பெஞ்சு, தேவாலய முற்றம், பீங்கான் கடை, எங்கேயும் அவரால் நிற்க முடியவில்லை. கடைசியில் நான் பொறுமையிழந்தேன். "இங்க இன்னா கப்பலா கெளம்புது? ஒரு எடத்துல குந்த மாட்டியா?" என்று பாலத்தின் நடுவில் நின்று கத்தினேன். சைக்கிளில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சிறுத்துப்போனது. அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். இந்தப் பயணத்துக்கு வந்திருக்கவே வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது.

வேரா

மறுநாள் ரயிலில் தென்மேற்கே மிடில்பர்க் போய் அறையெடுத்தோம். அங்கிருந்து ஏழு கிலோமீட்டரில் இருக்கிறது வேரா. பேருந்தில் போனோம்.

சிறிய ஊர். ஒரு காலத்தில் ஸ்காட்லாந்துக் கம்பளி வந்து இறங்கிய துறை என்பதால் கரையில் அந்த வணிகர்களின் கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஊரின் அளவுக்குப் பொருந்தாத மாபெரும் தேவாலயம் ஒன்று. வீட்டு வாசல்களில் ஆளுயரத்துக்கு ஹாலிஹாக் பூச்செடிகள். படகுத்துறையில் பாய்மரப் படகுகளின் கயிறுகள் காற்றில் கம்பத்தில் மோதி டிங் டிங் என்று ஓயாமல் ஒலிக்கின்றன. கடல் இருந்த இடத்தில் இப்போது ஏரி.

துறையை ஒட்டிய ஒரு சிறு கடையில் சூப் வாங்கினோம். கடைக்காரப் பெண்மணி மார்லேன், எழுபதை நெருங்கியவர், எத்திராஜின் கையிலிருந்த பழைய தீக்காயத் தழும்பைப் பார்த்து, "இன்ஜின் அறையா?" என்று கேட்டார். அவருடைய மகனும் கப்பலில் இருக்கிறானாம். அவ்வளவுதான், இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த அம்மாள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் இறால் பிடிப்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் கடல் உள்ளே புகுந்து ஏராளமான பேரைக் கொண்டுபோன பிறகு, இனி அப்படி நடக்கக் கூடாதென்று அணை கட்டிக் கடலை அடைத்தார்கள். மீன்பிடிப் படகுகள் வேறு துறைக்குப் போய்விட்டன.

"உங்கள் அப்பா?" என்றார் எத்திராஜ்.

"ரொம்ப நாள் கோபமாக இருந்தார். துறைக்கே வர மாட்டார். அம்மாவோடு தினமும் சண்டை. பிறகு ஒருநாள் ஒரு சின்னப் படகு வாங்கி வந்தார். எதற்கு என்று அம்மா கேட்டாள். 'கடல்தான் போய்விட்டது, தண்ணீர் இருக்கிறதே' என்றார். எங்களுக்கெல்லாம் படகோட்டக் கற்றுக்கொடுத்தது அந்தப் படகில்தான்."

எத்திராஜ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் இன்னொரு தட்டு ரொட்டி கொண்டுவந்தார். நான் கரையோரம் நடந்துவிட்டு வந்தேன். அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிறுத்தத்துக்குப் போனபோது கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. மாலையில் அங்கே பேருந்து சீக்கிரமே நின்றுவிடுகிறது; போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

"நடக்கலாமா?" என்றேன். மே மாதக் கடைசியில் அங்கே இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது. வேராவிலிருந்து மிடில்பர்க்குக்கு நேராக ஒரு கால்வாய். அதன் கரையில் மரநிழலில் நல்ல பாதை. வெயில் சாய்ந்து தண்ணீரில் பொன்னாகக் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் சொன்னார்.

"கம்பெனிலேர்ந்து திரும்பக் கூப்டுகினு கீறாங்க. ஒம்போது மாசம். இந்த வாரம் பதில் சொல்லணும்."

அவர் பக்கம் திரும்பிக் கேட்டேன்: "போவணும்னு தோணுதா?"

"தோணல. ஆனா வூட்ல இன்னா பண்றதுன்னு தெரில கலா. கப்பல்ல கண்ண மூடிகினு ஒரு போல்ட்டு எங்க கீதுன்னு சொல்வேன். வூட்ல ஒரு கரண்டி எங்க கீதுன்னு உன்னக் கேக்கணும். விருந்தாளி மாதிரி கீது."

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. "எனக்கும் கஷ்டமாத்தான்யா கீது. நீ எப்ப வருவ எப்ப வருவன்னு இத்தினி வருஷம் இருந்தேன். வந்த பொறவு எங்க குந்தறதுன்னு உனுக்குத் தெரில. எங்க நவுந்துக்கறதுன்னு எனக்குத் தெரில."

அவர் நின்றுவிட்டார். கோபித்துக்கொண்டாரோ என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இத அங்கியே சொல்லிருக்கலாம்ல? இம்மாந் தூரம் வந்து சொல்ற" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மிச்ச தூரம் முழுக்கப் பேசினோம். மகள் பிறந்தபோது அவர் எந்தக் கடலில் இருந்தார், மாமியார் தவறியபோது நான் யாரையெல்லாம் கூப்பிட்டேன் என்று, ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டதெல்லாம். மிடில்பர்க்கின் கோபுரம் தெரிந்தபோது இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாமே என்றிருந்தது.

லியர்

பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப்பிலிருந்து ரயிலில் கால் மணி நேரம் தள்ளி லியர். பல முகங்கள் கொண்ட கடிகாரக் கோபுரம் ஒன்று ஊரின் பெருமை. எனக்குப் பிடித்தது, மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் சேர்ந்து வாழ்வதற்கென்று பல நூற்றாண்டுகளுக்கு முன் உருவான குடியிருப்பு. கூழாங்கல் சந்துகள், வெள்ளைச் சுவர்கள், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு புனிதரின் பெயர். தனியாகக் குடும்பம் நடத்துவது எப்படியென்று அந்தப் பெண்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, அவர்களும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். பட்டை மணக்கும் சின்னச் சின்னப் பலகாரம் அங்கே பிரசித்தம், கட்டாயம் சாப்பிடுங்கள்.

நெட்டே ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எத்திராஜ் மும்பையில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தார். "சார், வேற ஆளப் பாத்துக்கங்க. நான் வூட்ல கீறேன்" என்று சென்னைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். போனை வைத்த பிறகு எங்கள் இருவருக்கும் பயமாகத்தான் இருந்தது. வருமானம் குறையும். ஆனாலும் அவர் எழவில்லை. பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். படகுகள் போய்வருவதை வெயில் தாழும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஊர்களை விட்டு வரும்போது எனக்கு ஏக்கம் ஒன்றும் இல்லை. சுத்தமும் பூவும் நம்மிடம் இல்லையே என்று ஒப்பிட்டுப் புலம்பவும் தோன்றவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் இன்றும் வலை வீசுகிறார்கள். வேராவில் கடலே போன பிறகும் ஊர் பிழைத்தது. இங்கே கடல் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஏதாவது செய்ய முடியும் என்றுதான் தோன்றியது.

ஊர் திரும்பிச் சில மாதம் அலைந்த பிறகு, கப்பல்களை இழுத்து வரும் படகு ஒன்றில் எத்திராஜுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் குறைவுதான். ஷிப்ட் முடிந்தால் வீடு. சமையலறை அலமாரியில் இரண்டு தட்டுச் சாமான்களை அவர் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கியிருக்கிறார், சண்டை ஓயவில்லை.

போன ஞாயிறு ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்கார வைத்து, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். இருவரும் அதற்குமுன் போனதே இல்லை. ஒரு காலத்தில் ஆம்ஸ்டர்டாம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்து இங்கே வியாபாரம் செய்த டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில், டெல்ஃப்ட் தேவாலயத்தின் தரையில் பதித்த கல்லறைக் கற்களில் பார்த்த அதே எழுத்து, கல்லில் அழகாக வெட்டப்பட்டிருந்தது. ஏரிக்கரையில் நண்டு வறுவல் சாப்பிட்டோம். காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது.

ஏரியைச் சுற்றிக் காட்டும் படகுக்காரர் கேட்டார்: "எங்கேர்ந்து வரீங்க?"

"திருவொற்றியூரு."

"இவ்ளோ கிட்ட இருந்துகினு இப்பத்தான் வரீங்களா?"

எத்திராஜ் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஏறக் கை கொடுத்தார்.

"ஆமாம்பா" என்றார். "இப்பத்தான் கப்பல வுட்டு எறங்கினேன்."