முப்பத்தாறு மாதப் புயல்

மின் அலுவலகத்தின் புகார் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தவருக்கு ஐஸ்கட்டி என்று பெயர். வாடிக்கையாளர் என்னதான் எகிறிக் குதித்தாலும் மனிதர் சூடாக மாட்டார். புகாரை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே பதிலையும் எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் மறுவேலை. கையெழுத்தில்லாத புகார் ஒன்றுகூட அந்த நோட்டில் கிடையாது என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

பெரும்புயல் அடித்து அறுநூறு கம்பங்கள் சாய்ந்தன. பதினோரு நாள் ஊரே இருட்டு. அத்தனை நாளும் அவர் அலுவலகத்தில் தொலைபேசியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். இறைத்தவள் மனைவி, தன்னந்தனியாக. அவர் திரும்பி வந்த அன்று மூடிய வாயை அவள் மூன்று மாதமாகியும் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் டொக்கென்று வந்து விழும். அந்த டொக் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் பில்லில் ஒரு புது வரி முளைத்தது: 'புயல் இழப்பு மீட்புக் கட்டணம், முப்பத்தாறு மாதம்.' ஊர் கொதித்தது. ஜன்னல் முன் வரிசை தெருவரை நீண்டது. ஒருநாள் அந்த வரிசையில் அவர் மனைவி.

"சொல்லுங்கம்மா," என்றார், பழக்கதோஷம்.

"கரண்டே இல்லாத நாளுக்கு நாங்க எதுக்குங்க கட்டணும்?"

"புயல் அசாதாரண நிகழ்வும்மா. யார் மேலயும் தப்பில்ல. ஆனா செலவாயிடுச்சில்ல? ஒரேயடியா கேட்டா தாங்க மாட்டீங்கன்னுதான் மாசா மாசம், வட்டியோட..."

"நல்ல ஏற்பாடுதான். எழுதிக்குங்க. பதினோரு நாள் ஒத்தையா தண்ணி இறைச்சேன். இடுப்பு போச்சு. என் இழப்பை யார்கிட்ட வசூல் பண்றது?"

ஐஸ்கட்டிக்கு வேர்த்துக் கொட்டியது. புகாரை எழுதிவிட்டார், பதிலுக்குப் பேனா நகரவில்லை.

"ராத்திரி பாத்திரம்," என்றார் கடைசியில், குரல் இறங்கி. "முப்பத்தாறு மாசம். நானே தேய்க்கிறேன்."

"வட்டி?"

"காலையில பாத்திரமும்."

கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை வீட்டுப்படி ஏறியபோது, "வந்துட்டீங்களா?" என்றாள். ஒரே ஒரு வார்த்தைதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சொன்ன சொல் தவறாமல் தேய்த்தார். முப்பத்தேழாம் மாதம் பில்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாத்தியா! அந்த வரியை எடுத்துட்டாங்க!"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "அதே இடத்துல வேற என்னமோ போட்டிருக்கே?"

'இரண்டாம் புயல் இழப்பு மீட்புக் கட்டணம், நாற்பத்தெட்டு மாதம்.'

நடுவில் அடித்த அந்த இரண்டாம் புயலுக்கும் அவர் ஒன்பது நாள் ஆபீஸில்தான் கிடந்தார்.

"நாளைக்கு அந்த நோட்டை வீட்டுக்கே கொண்டாந்துடுங்க," என்றாள். "வரிசையில நிக்க இடுப்பு ஒத்துழைக்கல."

ஐஸ்கட்டி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனார்.