ஜீவரத்தினம் அங்கிள் போட்ட பெல்ட்

நியூஜெர்சி எடிசனில் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு குழந்தை பிறந்தால், பாஸ்டர் ஜெபம் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே ஜீவரத்தினம் அங்கிள் கார் சீட்டைப் பார்க்கப் போய்விடுவார். எனக்கும் அவருக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். சபையே அங்கிள் என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் அங்கிள்தான். நாசரேத்துக்காரர். வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். ஒரு மயிரிழை பிசகியிருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். வீட்டில் தோசையையும் அப்படித்தான் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தீயணைப்பு நிலையத்தில் நடந்த நாலு நாள் வகுப்புக்குப் போய், குழந்தைகளின் கார் சீட்டைப் பரிசோதிக்கச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை சர்ச் பார்க்கிங்கில் கடை விரித்துவிடுவார். கழுத்தில் அடையாள அட்டை, முழங்காலில் ரப்பர் பட்டை, கையில் ஒரு மொட்டைத்தலை பொம்மை. சம்பளமும் கிடையாது, காபியும் கிடையாது. வருகிறவர்களுக்கு ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

பனிக்காலம் வந்தால் அந்த ஏச்சு இரண்டு மடங்காகும். குளிருக்குப் பயந்து தாய்மார் பிள்ளைக்குப் பஞ்சு வைத்த தடிமனான கோட்டைப் போட்டு, அதன்மேல் பெல்ட்டை மாட்டிவிடுவார்கள். பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும். அங்கிள் பொம்மைக்குக் கோட்டைப் போட்டு அதேபோல் மாட்டுவார். பிறகு பெல்ட்டின் அளவைத் தொடாமல் கோட்டை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுவார். பெல்ட்டுக்கும் பொம்மைக்கும் நடுவே அவருடைய முழுக்கை போய்வரும். வண்டி மோதினால் பஞ்சு அப்பளமாக நசுங்கும், பிள்ளை இந்த இடைவெளியில்தான் பறக்கும் என்பார். "கோட்டக் கழட்டு, பெல்ட்டப் போடு, போர்வைய மேல போடு" என்று அவர் சொல்வதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.

கடைசியில் இரண்டு விரல் சோதனை ஒன்று உண்டு. பிள்ளையின் தோள்பட்டைக்கு மேலே பெல்ட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு விரலில் அகப்பட்டால் பெல்ட் தளர்வு, இன்னும் இழுக்க வேண்டும். ஒரு குழந்தை மருத்துவரையே எல்லார் முன்னாலும் மூன்று தடவை கிள்ளிப் பார்க்க வைத்தவர் அவர்.

இப்படிப்பட்ட மனிதரை நான்தான் தலைகுனிய வைத்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

போன ஜனவரியில் ஆபேல், ஜாய் தம்பதியின் மூன்று மாதக் குழந்தை ஆஷ்லிக்கு ஞானஸ்நானம். நான் ஞானத்தாய். எனக்கு அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பாளையங்கோட்டையில் என் தையல்காரரிடம் சொல்லி, வெள்ளை சாட்டினில் பஞ்சு வைத்து, தொப்பியும் லேஸ் பின்னலும் வைத்து ஒரு கோட்டுத் தைத்து வரவழைத்தேன். முதுகில் மட்டும் பதினாறு பட்டன். எங்கள் குடும்பத்தில், ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை ஞானத்தாய் கொடுத்த உடுப்போடுதான் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும் என்று ஒரு வழக்கம். அதைப் பார்க்க ஊரில் என் அக்கா, அத்தான், ஜாயின் அம்மா எல்லாரும் வீடியோவில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் காற்று முகத்தை அறுத்தது. அங்கிள் முன்கூட்டியே ஆபேலின் காரை ஓடவிட்டு, உள்ளே சூடாக்கி வைத்திருந்தார். பிள்ளையை வாங்கி சீட்டில் கிடத்திவிட்டு, வழக்கம்போல் கோட்டின் பட்டனைத் தேடி முதுகுப் பக்கம் கையை விட்டார். சுற்றிலும் நாற்பது பேர் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"அங்கிள், பத்து நிமிஷ டிரைவ்தான். இதக் கழட்டுனா திரும்பப் போட அரை மணி நேரம் ஆகும். ஊர்ல எல்லாரும் லைன்ல வெயிட் பண்றாங்க. இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டுமே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் பார்க்கிங் முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசியிருப்பார். ஞானத்தாய் ஆசையாகக் கொடுத்த உடுப்பு, நல்ல நாள், மனம் நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பட்டனைத் தேடிய கையை வெளியே எடுத்தார். பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கோட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டார். ஜாய் மறுபக்கக் கதவருகே டயப்பர் பையை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நானும் அங்கிளும் அவர் காரில் பின்னால் வந்தோம். வழியில் எங்களுக்கு ஒரு சிக்னல் விழுந்துவிட்டது. அடுத்த சிக்னலில் சிவப்புக்காக நின்றிருந்த ஆபேலின் காரை, பின்னால் வந்த யாரோ ஒருவரின் வேன் பனியில் சறுக்கிக்கொண்டு வந்து இடித்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. ஆபேலுக்கும் ஜாய்க்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளையின் ஒரு தோள் பெல்ட்டுக்குள்ளிருந்து வழுகி வெளியே வந்திருந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினாறு பட்டனைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை, கோட்டைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். பச்சைப்பிள்ளையின் எலும்பு, மூன்று வாரத்தில் தானாகக் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் ஆஸ்பத்திரியின் சமூகசேவகி ஒரு அம்மாள் ஃபாரத்தோடு வந்து ஜாயிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கோட்டுக்கு மேலேயா மாட்டினீர்கள், மாட்டியது யார் என்றாள்.

நான் மாட்டினேன், அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று ஜாய் ஆங்கிலத்தில் சொன்னாள். அங்கிள் இரண்டடி தள்ளி நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மாள் தன்மையானவள்தான். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வியாழக்கிழமை வீட்டுக்கு ஆள் வருவார்கள், பயப்பட வேண்டாம் என்றாள். பிறகு ஒரு துண்டுத்தாளை எடுத்து, அதில் ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டாள். "உங்கள் ஊர்க்காரர் போலிருக்கிறது. இவரிடம் போய் எப்படி மாட்டுவது என்று கற்றுக்கொள்ளுங்கள், ரொம்பக் கண்டிப்பானவராம்" என்று சொல்லி, எழுத்துக்கூட்டி, தட்டுத்தடுமாறி வாசித்தாள். ஜீவரத்தினம்.

அங்கிள் முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை மெதுவாகச் சட்டைக்குள் தள்ளிவிட்டதை நான் பார்த்தேன்.

அடுத்த மூன்று நாள் அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி போனில் சொன்னாள். வியாழக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போடும் கோட்டு சூட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஜாய் வீட்டுக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை, கூட வாம்மா என்றார். போனேன். ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. உள்ளே அவர் நடந்ததைத் தன்மேல் போட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, நான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர் வண்டியை எடுக்கவில்லை. அரசாங்கத்தார் எழுதிக்கொண்டார்கள், ஜாய் மேல் ஒன்றும் வராது என்றார். ஏன் பழியை நீ ஏற்றுக்கொண்டாய் என்று அவளைக் கேட்டாராம். அவள் சொன்ன பதிலை அப்படியே எனக்குச் சொன்னார்.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நான் ரெண்டு விரலால கிள்ளிப் பார்த்தேன் அங்கிள். மடிப்பு வந்துச்சு. தெரிஞ்சும் விட்டது நான்தான. நீங்க போட்டத நான் எப்படி அங்கிள் சரி பண்றது?"

சொல்லிவிட்டு அங்கிள் அழுதார். அறுபத்துமூன்று வயது மனிதர் மூக்கைச் சிந்தி அழுதார். "ஒம்பது வருஷமா நான் பிள்ளைகளுக்கு என்னத்தம்மா சொல்லிக்குடுத்தேன்? பெல்ட்டப் பாக்கச் சொல்லிக்குடுத்தேன். எனக்குப் பயப்படவும் சேத்துல்ல சொல்லிக்குடுத்திருக்கேன்" என்றார். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். டிஷ்யூ டப்பாவை எடுத்து நீட்டினேன், அவ்வளவுதான்.

சான்றிதழ் கொடுத்தவர்களுக்கும் அவரே எழுதிப் போட்டார். அவர்கள் வகுப்பை மறுபடி முடிக்கச் சொன்னார்கள். பேரன் வயதுப் பையன்களோடு தீயணைப்பு நிலையத்தில் நாலு நாள் உட்கார்ந்து படித்துவிட்டு, மார்ச் முதல் சனிக்கிழமை மறுபடி பார்க்கிங்கில் வந்து நின்றார். ஓரத்தில் பனி இன்னும் குவிந்து கிடந்தது. சபையில் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

அன்றைக்கு அவர் யாரையும் ஏசவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கத்தரித்த அந்த வெள்ளைக் கோட்டை எடுத்துப் பொம்மைக்குப் போட்டு, வெட்டிய இடத்தை ஊக்கு மாட்டிச் சேர்த்தார். லேஸ் பின்னலில் மஞ்சளாக மருந்துக்கறை இருந்தது. இதன்மேல் பெல்ட் போட்டது நான்தான், ஜாய் இல்லை, அவசரம் என்னுடையது, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்தான் என்று சொன்னார். கோட்டு யாருடையது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கழற்ற வேண்டாம் என்று சொன்னது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஜாய் அவரைக் காப்பாற்றினாள், அவர் என்னைக் காப்பாற்றினார். நான் பனிக்குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வெட்கங்கெட்டதனத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பிறகு ஒரு புதுச் சட்டம் போட்டார். அவர் மாட்டிய பெல்ட்டைத் தாய்மார் அவர் கண்முன்னாலேயே கிள்ளிப் பார்க்க வேண்டும். சரியில்லையென்றால் அவரிடமே சொல்ல வேண்டும். முதல் கார் ஜாயுடையது. அங்கிள் ஆஷ்லியை மெல்லிய ஸ்வெட்டரோடு கிடத்தி, பெல்ட்டை மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். ஜாய் கிள்ளினாள். "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணணும் அங்கிள்" என்று சொல்லிப் பட்டையை ஒரு இழுப்பு இழுத்தாள். சரிம்மா, தேங்க்ஸ் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"லீலா ஆன்ட்டி, நீங்களும் வந்து ஒரு தடவ பாருங்க" என்று ஜாய் கூப்பிட்டாள்.

போய்க் குனிந்தேன். பிள்ளையின் தோளில், எலும்பு கூடிய இடத்தில் என் இரண்டு விரலை வைத்தேன். மடிப்பு அகப்படவில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"ஜாய், அன்னைக்கு அந்தக் கோட்டக் கழட்ட வேண்டாம்னு அங்கிள்கிட்ட சொன்னது நான்தான்."

அவள் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும் ஆன்ட்டி. நான் அந்தப் பக்கக் கதவுகிட்டதான நின்னேன்" என்றாள். "நீங்க எப்ப சொல்வீங்கன்னு ரெண்டு மாசமா பாத்துட்டிருந்தேன்."

போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். இரண்டு பேருமாகப் பெல்ட்டுக்கு மேலே விரித்துப் போட்டோம். பின்னால் நின்ற கார் லேசாக ஹாரன் அடித்தது.