ஓடி முடித்தவர்களும் அவித்த முட்டையும்

ஓடுகிறவர்களை நம்பி ஒரே இடத்தில் நிற்பதுதான் என் தொழிலாக இருந்தது. எழுபதுகளின் பின்பாதியில், பொன்மலையில் ஒரு மைதானத்தின் வாசலில், காலை நேரத்தில் தள்ளுவண்டி போட்டிருந்தேன். அவித்த முட்டை, மிளகுத்தூள், உப்பு, டீ. எடமலைப்பட்டி புதூரிலிருந்து நானும் என் மனைவி சரோஜாவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவோம். முட்டை மடிக்க வாங்கிய பழைய பேப்பரைப் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து கூடிற்று. சாப்பாட்டுக் கடை வைத்து, அடுத்தவர் வயிற்றுக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் சொல்வது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

வேர்வை அடங்கட்டும்

இப்போது புரதம் என்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது வெறும் சத்து. ஓடி முடித்தவுடன் சத்து சாப்பிடலாமா கூடாதா என்பதுதான் அந்த மைதானத்தின் தீராத வழக்கு. அங்கே ஓட வரும் டிரில் மாஸ்டர் ஒருவர் கூடாது என்ற கட்சி. வேர்வை அடங்காமல் முட்டையை உள்ளே தள்ளினால் நெஞ்சில் போய் நிற்கும் என்பார். சொல்வதோடு விடமாட்டார். என் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, முட்டைக்கு நீளும் கைகளைத் தடுப்பார்.

பெரும்பாலும் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள். மாஸ்டர் பேச்சை மதித்து, துண்டால் துடைத்துக்கொண்டு வரிசையாகக் காத்திருப்பார்கள். வேர்வை அடங்கும் நேரத்துக்குச் சரியாக ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும். அத்தனை பேரும் சைக்கிளில் ஏறிப் பறந்துவிடுவார்கள். உரித்து வைத்த முட்டையும் நாங்களும் மட்டும் நிற்போம். ஒருநாள் சரோஜா என் காதருகே சொன்னாள்: "மாஸ்டருக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடுத்துடுங்க. கடைய அவரே மூடட்டும்."

டேப் சொன்னது

டேவிட் அந்த மைதானத்திலேயே வேகமான ஆள். அப்பா இல்லை. அம்மா சவரியம்மாள் நாலு வீட்டில் சமையல் செய்து வளர்த்தார். போலீஸில் சேருவதற்காகத்தான் அவன் ஓடினான். மாஸ்டர் சொன்னதை எல்லோரையும்விட நம்பியவனும் அவன்தான். ஓடி முடித்ததும் ஒரு டீ, அவ்வளவுதான்.

ஆள் எடுக்கும் நாளில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். ஆனால் மார்பளவு தேறவில்லை. வயது வரம்புப்படி அவனுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. திரும்பி வந்தவன் நேராக வண்டிக்கு வந்து, மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முட்டை வாங்கினான். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "டேப்பைச் சுத்தினவரு சிரிக்கிறாருண்ணே. தம்பி, ஓடி ஓடி இருந்ததையும் கரைச்சிட்டு வந்திருக்கியேன்னாரு."

சவரியம்மாளின் நேர்ச்சை

அன்றிலிருந்து ஓட்டம் முடிந்த கையோடு முட்டை. மழைக்காலம் கழிந்தபோது சட்டை தோளில் பிடிக்க ஆரம்பித்தது. சரோஜா அவன் வருவதற்கு முன்பே உரித்து வைத்துவிடுவாள். அடுத்த ஆள் எடுப்பு ஈஸ்டர் கழித்து என்று தெரிந்ததும் எங்களுக்கும் ஒரு படபடப்பு.

சாம்பல் புதன் அன்று, பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு அவன் அம்மா வண்டிக்கு வந்தார். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று, ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாள் தவக்காலம் முழுக்க வீட்டில் யாரும் கறி, மீன், முட்டை தொடுவதில்லை என நேர்ந்திருக்கிறாராம். டேவிட் பின்னால் தலையைக் குனிந்து நின்றான். நான் தயங்கித் தயங்கி, அளவு குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "அவன் வேலைக்காகத்தான் தம்பி நேர்ந்திருக்கேன். நீங்க முட்டையக் குடுத்து அந்த வேலைய கெடுத்துடாதீங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்

வரதன் பாங்க் கிளார்க். ஸ்ரீரங்கத்திலிருந்து அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்து எங்கள் மைதானத்தில் ஓடுவார். அரை டிரவுசரோடு உத்தர வீதியில் ஓடினால் அப்பா வீட்டுக்குள் விடமாட்டார் என்பது அவர் சொன்ன காரணம். என் வண்டியில் எதையும் தொட்டதில்லை. முட்டை வாசனை வராத பக்கமாக நின்று, சொந்த டப்பாவைத் திறந்து ஊறவைத்த பயறும் வேர்க்கடலையும் மென்றுகொண்டிருப்பார்.

நேர்ச்சை தொடங்கிய வாரம் டேவிட் அவரிடம் போய்ப் புலம்பினான். முட்டை இல்லாமல் இத்தனை நாள் ஓடியதெல்லாம் வீண் என்றான். வரதன் டப்பாவை நீட்டினார். "எங்காத்துல வருஷம் பூரா தவக்காலம்தான்டா. நான் ஓடலையா?"

ஒரு கரண்டி

மறுநாளே சரோஜா புது அலுமினியப் பாத்திரம் ஒன்றில் பயறும் கொண்டைக்கடலையும் அவித்து எடுத்து வந்தாள். வண்டியின் அந்த மூலைக்கு முட்டை போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. டேவிட் ஓடி முடித்ததும் ஒரு பெரிய தொன்னை நிறையப் போடுவாள்.

சவரியம்மாளுக்கு விஷயம் எட்டி, பார்த்துப்போக வந்தார். பாத்திரத்தைக் குனிந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார். முட்டைத் தண்ணீரில் விட்ட கரண்டியா என்று விசாரித்தார். சரோஜா தனிக் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். அதுவரை தள்ளியே நின்ற வரதனும் நாலடி முன்னால் வந்து அந்தக் கரண்டியைக் கவனமாகப் பார்த்தார். பிறகு, எங்கள் வண்டியில் முதல்முறையாக, கையை நீட்டினார். "அந்தம்மாவே பார்த்தாச்சுன்னா சரி. எனக்கும் ஒரு தொன்னை குடுங்கோ."

ஈஸ்டருக்குப் பிறகு

ஆள் எடுக்கும் நாளில் காலை வியாபாரம் முடிந்தும் நாங்கள் வண்டியை எடுக்கவில்லை. வரதன் லீவு போட்டிருந்தார். மாஸ்டரும் எங்கும் போகவில்லை. வெயில் ஏறிய பிறகு டேவிட் அம்மாவை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து வந்தான். மூச்சை இழுத்து மார்பை விரித்துக் காட்டினான். சட்டையின் நடுப் பொத்தான் தெறித்து மண்ணில் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் குனிந்து அந்தப் பொத்தானை எடுத்துக் கொடுத்தார்.

சரோஜா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் கைப்பக்குவத்துக்கு யார் யாரோ நன்றி சொல்லியிருக்கிறார்கள். அன்று சவரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னதைத்தான் அவள் கடைசிவரை சொல்லிச் சிரிப்பாள்: "பாதி என் நேர்ச்சை, பாதி உன் பயறும்மா. சர்ச்சு சாமியார்கிட்ட மட்டும் சொல்லிடாத."

ஓடி முடித்தவுடன் சத்து சாப்பிடலாமா கூடாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அந்தச் சந்தேகத்தில் வண்டியைச் சுற்றி நின்றவர்களால்தான் நானும் சரோஜாவும் அத்தனை வருஷம் நன்றாகச் சாப்பிட்டோம்.