பந்தலுக்குப் போன காட்சிசாலை

1934ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு நாராயணபெருமாள் பிள்ளை ஜெபதாஸை முதன்முதலாகச் சந்தித்தார். இடம், தக்கலைப் பழம்பொருட் காட்சிசாலை. பழம்பொருள் வைப்பதற்கென்று செய்த மேடை ஒன்றின்மேல் ஜெபதாஸ் சம்மணமிட்டு அமர்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தவிர அந்த அறையில் பழையதாக வேறெதுவும் இல்லை.

பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார். சுவரோரமாக மேடைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. 'பெரிய வார்ப்பு. ஊட்டுப்புரையில் சோறு வடித்த வெண்கலக் கொப்பரை. தந்தவர் தங்கையன்.' 'உருளி. தந்தவர் மைமூன் பீவி.' அட்டைகள் அனைத்தும் இருந்தன. பொருள்களைத்தான் காணவில்லை.

பிள்ளை திருவனந்தபுரத்துச் சர்க்கார் கச்சேரியைச் சேர்ந்தவர். மானியம் பெறும் வாசகசாலைகளையும் காட்சிசாலைகளையும் பார்வையிட்டு, உருப்படாதவற்றை மூடச்செய்வது அவருடைய உத்தியோகம். செவ்வாய்க்கிழமை வருவதாக எழுதிவிட்டுத் திங்கட்கிழமையே போய் நிற்பது அந்த உத்தியோகத்தில் அவர் கண்ட நுட்பம். தக்கலைக் காட்சிசாலை ஒழுங்காக இல்லையென்றால் பொருள்களைத் தலைநகருக்கு ஏற்றி அனுப்பும்படி மேலிடத்து உத்தரவு. மறுநாளைக்கு இரண்டு மாட்டுவண்டிகளுக்கும் சொல்லிவைத்திருந்தார்.

"நீர் யார்?"

"காவக்காரன் ஜெபதாஸ், ஏமானே. நாளைக்கு வாற ஏமான் நீங்கதானா, இல்ல அவியளுக்கு முன்னால வந்த ஆளா?"

"நானேதான். பொருள்கள் எங்கே?"

ஜெபதாஸ் காப்பியைக் கடைசி மடக்குவரை குடித்து முடித்தார். "வெளிய போயிருக்கு."

"பொருள்கள் வெளியே போகுமா?"

"தானா போவாது. ஆளு வந்து கூட்டிட்டுப் போவாவ."

இவர் யார், எப்படி இந்த மேடைமீது ஏறினார் என்பதை இங்கே சொல்லிவிடுவது முறை. ஜெபதாஸ் திருவிதாங்கூர் அஞ்சலில் ஓட்டக்காரராக இருந்தவர். மணி கட்டிய தடியும் தபால் பையுமாக இரணியலுக்கும் திருவட்டாற்றுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்குமேல் ஓடினார். பிறகு பஸ் வந்தது. தபால் பை பஸ்ஸில் ஏறியது. ஜெபதாஸ் முழங்கால் வலியோடு இறங்கினார். அந்தச் சமயத்தில் வாசகசாலைக் கமிட்டியார் சர்க்கார் மானியத்தோடு ஒரு காட்சிசாலை தொடங்கினார்கள். அறை கிடைத்தது, மேடை கிடைத்தது, அழகான கையெழுத்தில் அட்டை எழுத ஆளும் கிடைத்தார். பொருள் கொடுக்க மட்டும் ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. எங்கள் பாத்திரத்தை நாங்கள் பார்த்தாயிற்றே என்றார்கள். எல்லா வீட்டு வாசலும் தெரிந்தவர் என்பதால் ஜெபதாஸைக் காவலராக அமர்த்தி, பொருள் சேர்க்க அனுப்பினார்கள்.

அவர் கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கினார். எப்படி என்று கமிட்டியார் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு அவர் கொடுத்திருந்த வாக்கு இதுதான்: "காட்சிபங்களாவுல ஒமக்க பேரு எழுதி வைப்பாவ. ஊரு பாக்கும். வீட்டுல விசேஷம் வந்தா எடுத்துட்டுப் போவும். ஆரு வேண்டாம்ணு சொல்லப்போறா?"

பெரிய பாத்திரம் வைத்திருப்பவர் ஊர் விசேஷத்துக்கு அதைக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்கு மரியாதைகள் இரண்டு உண்டு. இரவல் பாத்திரம் வெறும் பாத்திரமாகத் திரும்பக்கூடாது. பாத்திரக்காரர் முதல் இலையில் அமர்ந்து கை நனைக்காமல் பந்தி தொடங்கக்கூடாது. ஆகவே காட்சிசாலையை ஊரார் பாத்திரம் வைக்கும் ஒரு பொதுக் கலவறையாகவே எண்ணினார்கள். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போவதுபோல ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, தங்கள் வீட்டு உருளி இளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் புளி கொண்டுவந்து துலக்கியும் வைத்தார்கள். மேடைகளில் எறும்பு மட்டும் எப்போதும் ஊர்ந்துகொண்டிருந்தது.

அதன் காரணம் பிள்ளைக்கு அப்போதே தெரியவந்தது. இடுப்பில் ஓர் உருளியைத் தாங்கியபடி மைமூன் பீவி உள்ளே நுழைந்தார்.

"அண்ணாச்சி, பேரனுக்க சுன்னத்துக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. வெறும் பாத்திரமா கொண்டுவரப்பிடாதுல்லா, இனிப்புக்குக் கொஞ்சம் வட்டலப்பம் வச்சிருக்கு." உருளியை அதன் அட்டைக்கு நேராக வைத்துவிட்டு, அசையாமல் நின்ற பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "இது ஆரு? புதுசா வந்த சாமானா?"

"திருவனந்தபுரத்துச் சாமான். பைய பேசு" என்றார் ஜெபதாஸ்.

"அம்மா, இந்த உருளி யாருடையது?" என்று பிள்ளை கேட்டார்.

"எனக்கதுதான். இப்பம் பங்களாவுக்கது. கொடுத்தாச்சுல்லா."

"கொடுத்ததை எப்படி எடுத்துப் போனீர்கள்?"

"மகளைக் கெட்டிக்கொடுத்தா பிறவு வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்பிடாதா? நல்ல கேள்வி கேக்கியாரு."

மற்றவை எங்கே என்று கேட்டதற்கு, தங்கையன் மகளுக்கு அன்று கல்யாணம் என்று பதில் வந்தது. பிள்ளைக்கு உள்ளூர மகிழ்ச்சி. மூடுவதற்கு இத்தனை நல்ல காரணம் இதுவரை எந்த ஊரிலும் அவருக்குக் கிடைத்ததில்லை. நாளை வண்டியில் ஏற்றப்போகும் பொருள்களை நேரில் பார்த்தே தீருவேன் என்றார். ஜெபதாஸ் மறுக்கவில்லை, அட்டைகளையெல்லாம் ஓர் ஓலைக் கடவத்தில் அள்ளிக்கொண்டு முன்னே நடந்தார்.

நடையில் துள்ளல் இருந்தது, மனத்தில் இல்லை. வண்டிகள் வந்து ஏற்றிப்போனால் அவர் வேலை போகும், அது பெரிதில்லை. இரணியல் முதல் திருவட்டாறு வரை வாக்குக் கொடுத்த ஒவ்வொரு வீட்டு வாசலையும் இனித் தலை கவிழ்ந்தே கடக்க வேண்டும். அதைத்தான் அவரால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வேதக்கோயிலிலிருந்து திரும்பியாயிற்று. சமையற்கொட்டகையில் காட்சிசாலை முழுவதும் அடுப்பின்மேல் இருந்தது. ஜெபதாஸ் பாத்திரத்துக்குப் பாத்திரம் அட்டையைச் சாய்த்துவைத்து உரக்க விளக்கத் தொடங்கினார். "இது பெரிய வார்ப்பு, ஏமானே. ஊட்டுப்புரையில சோறு வடிச்சது. இப்பமும் அதே சோலிதான் செய்யுது." சனம் சுற்றிக்கொண்டது. தந்தவர் பெயர் வாசிக்கப்படும்போதெல்லாம் உரியவர் எழுந்து நின்றார். இவ்வளவு பார்வையாளர்களைப் பிள்ளை தலைநகரத்துக் காட்சிசாலையில்கூடக் கண்டதில்லை.

விளக்கம் முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். "இவை அனைத்தும் சர்க்கார் சொத்து. நாளைக் காலை வண்டி வரும். ஒரு கிண்ணம்கூடக் குறையக்கூடாது."

பெண்ணின் தகப்பன் தங்கையன் மெல்ல ஜெபதாஸிடம் திரும்பினார்.

"அப்பம் பாத்திரக்காரரு நாங்க இல்லியா?"

"கேட்டியருல்லா. சர்க்கார்தான்."

"சர்க்காருண்ணா ஆரு?"

ஜெபதாஸ் ஒரு கணம் யோசித்தார். அவர் முகத்தில் காலையில் இருந்த களை திரும்பி வந்தது. "இஞ்ச நிக்கியாருல்லா" என்றார்.

தங்கையன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அப்படிண்ணா ஏமானே, முதல் இலையில இரியுங்க. பாத்திரக்காரரு கை நனைக்காம இஞ்ச பந்தி போடியது இல்ல."

பிள்ளை ஓரடி பின்வாங்கினார். அவர் சுசீந்திரத்துப் பக்கத்து வெள்ளாளர். அந்தக் காலத்தில் அவருடைய உறவினர் வேதக்காரர் பந்தலில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். குடித்தவரைத் தங்கள் பந்தியில் சேர்க்கவும் மாட்டார்கள். எனக்குப் பசியில்லை என்றார். வேறு இடத்தில் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறது என்றார். தங்கையன் கைகூப்பியபடியே நின்றார். மாப்பிள்ளை வீட்டார் திருவட்டாற்றிலிருந்து விடியும் முன்பே கிளம்பியவர்கள். அவர்களுள் மத்தியாஸ் என்பவர் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "சர்க்காரு தின்னுமா தின்னாதா? ஏதாவது ஒண்ணு சொல்லச் சொல்லுங்கலே. இஞ்ச வயிறு கரியுது."

ஜெபதாஸ் பிள்ளையின் காதருகே குனிந்தார். "ஒண்ணு செய்யலாம் ஏமானே. பாத்திரம் சர்க்காருக்கது இல்லைண்ணு ஒரு வார்த்த சொன்னாப் போரும். தங்கையனே இருந்துகிடுவாரு. பின்ன நாளைக்கு வண்டியில எதை ஏத்தியதுண்ணுதான் எனக்கு வெளங்கல்ல."

பிள்ளை கல்லூரியில் தருக்கம் படித்தவர். இரண்டு வழியையும் எண்ணிப்பார்த்தார். சர்க்கார் சொத்து அல்ல என்று இத்தனை பேர் முன்னிலையில் சொன்னால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது. சர்க்கார் சொத்துதான் என்றால் இலை காத்திருக்கிறது. மூன்றாவது வழியைத் தேடிக்கொண்டிருந்தபோது வார்ப்பின் பக்கமிருந்து அடைப்பிரதமன் பாயசத்தின் மணம் வந்தது.

"எல்லாம் மரக்கறிதான் ஏமானே" என்றார் ஜெபதாஸ்.

பிள்ளை அமர்ந்தார். முதலில் விரல் நுனியால் பருப்பைத் தொட்டார். சனம் பெருமூச்சு விட்டு அமர்ந்தது. அவியல் வந்தது, எரிசேரி வந்தது, பிள்ளையின் முழங்கை வரை வேலை நடந்தது. பிரதமனை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கினார்.

கை கழுவும்போதுதான் முழு விபரீதமும் அவருக்கு உறைத்தது. பொருள்களைக் கைப்பற்றினால் எங்கே, எந்த நிலையில் கண்டெடுத்தார் என்று எழுதவேண்டும். விசாரணை வந்தால் பந்தல் முழுவதும் சாட்சி. முதல் இலையில் யார் அமர்ந்தது என்பதையும் அவர்கள் சொல்வார்கள். கச்சேரிக்குத் தெரிந்தது சுசீந்திரத்துக்குத் தெரிய அரைநாள் போதும்.

"நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு ஏமானே?" என்று செம்பை நீட்டியபடி ஜெபதாஸ் கேட்டார்.

"எந்த வண்டி?" என்றார் பிள்ளை.

மேலிடத்துக்கு அவர் எழுதிய அறிக்கை சுருக்கமானது: பொருள்கள் நல்ல நிலையில் பேணப்படுகின்றன, பொதுமக்கள் பெருந்திரளாகப் பார்வையிடுவதை நேரில் கண்டேன், மானியம் தொடரலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அதன்பின் தக்கலையிலிருந்து வந்த ஒவ்வோர் அஞ்சலையும் பிள்ளை பயந்துகொண்டே பிரித்தார். ஜெபதாஸ் ஏதேனும் கேட்பார்: கண்ணாடி அலமாரி, சம்பள உயர்வு, மச்சினனுக்கு வேலை. கேட்டால் மறுக்க முடியாது. ஜெபதாஸ் எழுதவேயில்லை. இரண்டாவது ஆண்டு மழையில் காட்சிசாலைக் கூரை ஒழுகியபோது, அந்தப் பிள்ளையை உமக்குத் தெரியுமே, ஒரு வரி எழுதும் என்று கமிட்டியார் வற்புறுத்தினார்கள். "ஒருக்கா கண்டதுண்டு. பழக்கம் கிடையாது" என்று சொல்லிவிட்டு அவரே ஏறி ஓலை வேய்ந்தார். தங்கையன் பந்தலில் உண்டவர்களும் அவர் கண்காட்டிவைத்ததாலோ என்னவோ, வாய் திறக்கவில்லை.

1938இல் ஜெபதாஸ் காய்ச்சலில் இறந்தார். செய்தி அறிந்த பிள்ளை துக்கம் கேட்கத் தக்கலைக்கு வந்தார். துக்கத்தோடு ஒரு சந்தேகமும் அவரைக் கூட்டிவந்திருந்தது. ஜெபதாஸின் மனைவி எலிசா பாய் விரித்து உட்காரச் சொன்னார். சிறிது நேரம் காலஞ்சென்றவரின் நல்ல குணங்களைப் பேசியபின் பிள்ளை மெதுவாகக் கேட்டார்:

"என்னைப் பற்றி அவர் ஏதும் சொன்னதுண்டா?"

எலிசா அவர் முகத்தை உற்றுப்பார்த்தார். "குறை நினைக்காதீங்க. நீங்க ஆருண்ணு எனக்கு மனசிலாவல்ல."

பிள்ளை தம் பெயரையும் ஊரையும் உத்தியோகத்தையும் சொன்னார். எலிசாவுக்கு மூன்றும் புதியனவாக இருந்தன. கட்டிய மனைவியிடம்கூட ஜெபதாஸ், பந்தலில் பிள்ளை தம்மிடம் பட்ட அந்தக் கடனைச் சொல்லிவைக்கவில்லை.